ஆரல்வாய்மொழிப் போரும் வெல்சின் நினைவுக்குறிப்பும்

வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை ஆராய்வார்க்கு, ஆரல்வாய்மொழி அரண் 1809 பிப்ரவரி 10இல் வீழ்ந்த செய்தியைக் கூறும் சான்றுகளுள் ஒன்று, அதனைத் தாக்கிய படைத்தலைவருள் ஒருவராகிய ஜேம்சு வெல்சு 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பாகும். அதனைச் சான்றாக ஆளுமுன் நூலாகப் படித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

இரு குன்றுகளுக்கிடையே ஏறத்தாழ 2 மைல் நீண்ட மதில். அதன்கண் 50க்கு அணித்தான பீரங்கிகள். வெல்சின் படை நேரே பொருதாமல், இரவில் தென்குன்றின்மீதேறி விடியலில் அங்கிருந்த காவலரணைக் கைக்கொண்டது. பக்கத்தே பகை புகுந்தபின் மதில் பயனற்றதாயிற்று. திற்பரப்பில் கோதையாற்றுப் பாறைகளிற் பகலில் நடந்து பார்த்தவர்க்கே அவ்விரவின் அருமை விளங்கும். அதனை மறுத்தல் முறையன்று.

ஆயினும், இதே வெல்சு 1801இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் பொருதவர். அங்கே ஊமைத்துரையை வியந்து தீட்டுகிறார்; பகைவர்க்கு முகம் உண்டு. ஆரல்வாய்மொழியிலோ குன்றும் மதிலும் பீரங்கியுமே முன்னிற்கின்றன. காரணம் யாது? பாஞ்சாலங்குறிச்சியில் 1801 மார்ச் 31இல் கும்பினிப்படை தோற்றது. மே 24 வரை காத்திருந்தே கோட்டையைப் பற்றியது. அத்தோல்விக்குத் தலைமை தாங்கிய மெக்காலேயே, பின்னர்த் திருவிதாங்கூரில் தளவாய் எதிர்த்த ரெசிடெண்டு என்பதும் ஈண்டு நினையத்தகும். தம்மைத் தோற்கடித்தவனையே வெல்சின் எழுதுகோல் உற்று நோக்கியது என்க. ஆரல்வாய்மொழியில் அவர்க்கு அத்தேவை நேரவில்லை.

நாஞ்சில்நாட்டுக் கதைப்பாடலாகிய 'இரவிக்குட்டிப்பிள்ளை போர்' இதற்கு மறுதலை. 1635இல் கணியாகுளத்தில் வீழ்ந்தவனைப் பாடும் அது, அவன் வீட்டு மகளிர் கண்ட தீக்கனாவையும் விடாது கூறும். போர்முறை அதன்கண் தெளிவில்லை. மாண்டவன் யாவன் என்பது தெளிவு. கதைப்பாடலில் வரலாறு தேடுவாரை எள்ளும் அறிஞர், வெல்சிடத்தும் கதை உண்டென்பதை எண்ணுவதில்லை!

1809 சனவரியில் வெளிப்பட்ட குண்டறை அறிக்கை தளவாயின் குரலைத் தருகின்றது. மதிலைக் காத்து நின்றார் குரல் அதனினும் இல்லை. தளவாய் பிறந்த தலக்குளம் தொடங்கித் திற்பரப்பு வரையுள்ள ஊர்களில் வில்லுப்பாட்டு ஏடுகளையும் குடும்ப ஓலைகளையும் முதுகலை மாணவர் தேடித் தொகுப்பாராயின், வெல்சின் பக்கங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் படித்தல் கூடும்.