செய்தித்தாளும் செய்வினையும்

வழக்கினை இயல்பு, தகுதி என இருவகைப்படுத்திய நன்னூலார், தகுதி வழக்கினுள் மங்கலம் என்பதொன்றனை வைத்தார். மங்கலமல்லாததனை மங்கலச் சொல்லாற் கூறுதல் அது. செத்தாரைத் துஞ்சினார் என்றல் போல்வது. இழவு வீட்டில் அது பண்பாடு. பத்திரிகையிலோ அது பக்கச்சார்பாக மாறுதலும் உண்டு. அம்மாற்றம் சொல்லால் மட்டுமன்றி வினைவடிவாலும் நிகழும்.

1957ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், இலங்கைச் சுதந்திர தினத்தன்று, திருகோணமலை நகரில் கருங்கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்னும் இளைஞரின் உயிர் துப்பாக்கிச் சூட்டினாற் பிரிந்தது. இதனை மூவகையாக எழுதலாம். ‘நடராசன் இறந்தார்’ என்பதில் துப்பாக்கியே இல்லை. ‘நடராசன் சுடப்பட்டார்’ என்னும் செயப்பாட்டுவினையில் துப்பாக்கி உண்டு. பிடித்த கை இல்லை. ‘நடராசனைச் சுட்டனர்’ என்னும் செய்வினையோ, ‘சுட்டவர் யாவர்?’ என்னும் வினாவை எழுப்பியே தீரும். மூன்றும் பொய்யல்ல; ஆயினும் மூன்றும் ஒரே அளவினவான மெய்யுமல்ல.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரிக்கும் பரவிற்று. அங்கு அமர்ந்திருந்தாரை ‘அறப்போர் வீரர்’ எனலாம், ‘மறியற்காரர்’ எனலாம், ‘சட்டத்தை மீறிய கூட்டத்தார்’ எனலுமாம். குறிக்கப்படுவோர் ஒருவரே, ஆயினும் பெயரைக் கேட்ட அளவிலேயே தீர்ப்பும் கேட்கப்பட்டுவிடுகிறது. ஏப்ரல் 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அதனையடுத்துச் சத்தியாக்கிரகிகளைப் படையினர் அகற்றினர். இதனை ‘அமைதி நிலைநாட்டப்பட்டது’ என எழுதின், அகற்றியவரும் மறைவர். அகற்றப்பட்டவர் முன்னரே அமைதியாக அமர்ந்திருந்தனர் என்னும் உண்மையும் மறையும்.

இக்குறை அரசின் பக்கம் நிற்கும் ஏடுகளுக்கே உரியதன்று. 1947இல் தோன்றிய ‘சுதந்திரன்’ தமிழரசுக் கொள்கையைப் பரப்பிய ஏடு. கட்சி ஏடு தன் தரப்பை வெளிப்படையாகப் புகழ்தலில் வஞ்சனை இல்லை. ஆனால், எவ்வேடாயினும், திரண்டவரை எண்ணாது ‘கடலெனத் திரண்டனர்’ என எழுதுமாயின், கச்சேரிக்கு அலுவல் நாடி வந்து வறிதே திரும்பியோரை எழுதாது விடுமாயின், அதுவும் வாசகரை ஏமாற்றுவதேயாம்.

ஆதலின் போராட்டச் செய்தியைப் படிக்குங்கால் மூன்று வினாக்கள் வேண்டப்படும்: செய்தவர் யார்? அவருக்கு அப்பெயரை இட்டவர் யார்? எழுதப்படாது விடப்பட்டவர் யார்? எழுவாயைத் தேடும் பயிற்சியை மாணவர் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிடலாகாது. எழுவாய் மறைந்த வாக்கியத்தில், பல வேளைகளில், பொறுப்பும் மறைந்திருக்கும்.