1.56: ஓர் எண்ணின் மீது சில புகார்கள்

சால்டர் செய்து முடித்த சர்க்யூட் போர்டு சுத்தமாக இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்ல எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் ஓர் எண் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராம் உப்புக்குச் சமமான அயனி அழுக்கு. அதற்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ஃபெயில். பிறந்த காலத்துக்கு இது நல்ல எண். இன்றைய போர்டு கெடுமா, கெடாதா என்று இதனிடம் கேட்பது வீண் என்பது என் கட்சி.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபொலிஸ் மையத்தில் உருவான சோதனை இது. அன்று பாகங்களின் கால்கள் போர்டின் துளைகளுக்குள் இறங்கும். ஃப்ளக்ஸ் என்பது பைன் மரப்பிசின். வேலை முடிந்ததும் கரைப்பானில் கழுவிவிடுவார்கள். ஒழுங்காகக் கழுவினார்களா என்று பார்க்கத்தான் சோதனை: 75 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 25 சதவீதம் தண்ணீர் கலந்த திரவத்தில் போர்டை அலசி, திரவத்தின் மின்தடை எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். எவ்வளவு உப்பு கரைந்தால் அதே அளவு இறங்குமோ, அந்த உப்பின் எடைதான் விடை. ரோஸ் டெஸ்ட் என்பார்கள்.

1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஓசோனைக் கெடுக்கும் கரைப்பான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. நிறைய ஆலைகள் கழுவவே தேவையில்லாத ‘நோ கிளீன்’ ஃப்ளக்ஸுக்கு மாறின. இதில் அடிபிக் அமிலம் போன்ற மென்மையான அமிலங்கள் இருக்கும். போதுமான சூடு பட்டால் மிச்சம் பிசினுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும், தொல்லை இல்லை. ரோஸ் டெஸ்டின் ஆல்கஹால் அந்தப் பிசினைக் கரைத்து அமிலத்தை வெளியே விடுகிறது. விளைவு, நல்ல போர்டு ஃபெயில்.

இதையாவது மன்னிக்கலாம். கெட்ட போர்டு பாஸ் ஆவதுதான் ஆபத்து. இன்று பல சிப்களுக்குக் கால்களே கிடையாது, வயிறு போர்டில் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். அடியில் மாட்டிய ஃப்ளக்ஸ் சரியாக வேகாது, சோதனைத் திரவமும் அங்கே எளிதில் நுழையாது. நுழைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 10க்கு 10 சென்டிமீட்டர் போர்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 200 சதுர சென்டிமீட்டர். அனுமதி மொத்தம் 312 மைக்ரோகிராம். அது முழுக்க 5 மில்லிமீட்டர் சதுர சிப் ஒன்றின் அடியில் குவிந்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் வரம்பைப் போல 800 மடங்கு! சராசரி அப்போதும் 1.56 தான். சர்வர்களின் சராசரி பதில் நேரத்தைக் காட்டி "எல்லாம் நல்லா ஓடுது சார்" என்கிற ரிப்போர்ட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு இது புது வித்தை இல்லை.

கெட்டபின் நடப்பது இன்னும் குழப்பம். அயனி, ஈரம், வோல்டேஜ் மூன்றும் சேர்ந்தால் உலோகம் கரைந்து, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குச் செடி மாதிரி கிளைவிட்டு வளரும். டென்ட்ரைட் என்று பெயர். ரெண்டையும் தொட்டதும் ஷார்ட் ஆகும், பெரும்பாலும் அந்த மின்னோட்டத்திலேயே எரிந்தும் போகும். போர்டு ரிப்பேர்க்காரர் மேசைக்கு வரும்போது சாதுவாக வேலை செய்யும். நம்ம ஊர்க் கடைகளில் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: "டிரை சால்டர் சார்." இணைப்பை மறுபடி சூடாக்குவார், சரியாகிவிடும். ஆனால் அந்தச் சூடு ஈரத்தையும் விரட்டியிருக்கும், மிச்ச ஃப்ளக்ஸையும் கலைத்திருக்கும். சரியானது எதனால்? அடுத்த மழைக்காலத்தில் அதே போர்டு திரும்பி வந்தால், பழி மறுபடியும் சால்டர் மேல்தான். சந்தேகம் இருந்தால் அயர்னை எடுக்கும் முன், கழுவும் முன், லென்ஸில் பார்த்து ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும். தடயம் போனபின் துப்பறிய முடியாது.

2018இல் ஜே-எஸ்டிடி-001 தரநிலையின் திருத்தம், எல்லாருக்கும் பொதுவான வரம்பாக 1.56ஐ வைப்பதைக் கைவிட்டது. உங்கள் செய்முறை நம்பகமானது என்பதற்கு நீங்களே சான்று காட்டுங்கள் என்றது. சரியான முடிவு. ரோஸ் டெஸ்டையும் தூக்கி எறியவில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் உற்பத்தியில் மாற்றம் உண்டா என்று பார்க்க அது இன்னும் உதவும்.

எனக்கு இருக்கும் குறை வேறு. சான்று என்றால் 40 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் 168 மணி நேரம் மின்காப்புத் தடையை அளப்பது, எந்த அயனி எவ்வளவு என்று குரோமட்டோகிராஃபியில் பிரித்துப் பார்ப்பது போன்றவை. பெரிய கம்பெனிக்கு இது சாதாரணச் செலவு. பத்துப் பேர் வைத்து போர்டு அசெம்பிள் பண்ணுகிறவர் என்ன செய்வார்? ஃப்ளக்ஸ் விற்பவரிடம் அந்த ஃப்ளக்ஸுக்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். அதுவும் சமதளச் சோதனைப் பலகையில் முழுச் சூடு காட்டி எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இவருடைய சிப்பின் அடிவயிறு அதில் வராது. ஆகவே அவர் பழைய எண்ணையே பிடித்துக்கொள்கிறார், வாங்குபவரும் ஆர்டரில் அதையே எழுதுகிறார். தரநிலைக் குழு எண்ணை எடுத்த இடத்தில், அவர் கைக்கு எட்டும் விலையில் வேறொரு சோதனையை வைத்திருக்கலாம்.