மண்ணோடு மண்ணாய் ஒரு வெட்டுக்கிளி

ட்ரைலோஃபிடியா அனுலேட்டா, பட்டைச் சிறகு வெட்டுக்கிளிகளில் சிறியது. நீளம் சுமார் 2 செ.மீ. புல் குறைந்த வெறுந்தரைதான் இதன் வீடு. மேற்கு மாம்பலத்துக் காலி மனை, ரயில் பாதையோரச் சரளை மண் போன்ற இடங்கள் இதற்குப் போதும். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல் மணல் தூவினாற்போல் சொரசொரக்கும். கழுத்துக் கவசத்தின் நடுமேட்டில் பல் போன்ற இரு முனைகள், காலெல்லாம் மெல்லிய மயிர்.

காலடி அருகில் விழும்வரை அசையாமல் பொறுத்திருக்கும். பிறகு சட்டென எழும்போது, விசிறியாய் மடிந்திருந்த பின்சிறகு விரிந்து, அடியில் இளமஞ்சளும் வெளிப்பக்கம் புகைக் கருமையும் காட்டும். சற்றுத் தள்ளி இறங்கியதும் மஞ்சள் மறைய, அந்த நிறத்தையே தேடும் கண் ஏமாறும். பெண் பூச்சி வயிற்று நுனியால் மண்ணைத் துளைத்து, முட்டைகளை நுரையில் பொதிந்து வைக்கும். நுரை இறுகி உறையாகிக் காக்கும். இதற்கு வேண்டியதெல்லாம் சிமென்ட் பூசாத கொஞ்சம் மண்.