எட்டு மடங்கின் அழகு

பைனாகுலர் வாங்குபவர்கள் பெரும்பாலும் உருப்பெருக்கம் கூடக்கூட நல்லது என்றே நம்புகிறார்கள். பினாங்குக் கொடிமலைக் காட்டில் அந்த நம்பிக்கை எடுபடாது. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் 8x42 கருவியில் 42 மி.மீ. முன்வில்லையை 8 ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. அகலமுள்ள ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும், 10x42-இல் 4.2 மி.மீ. மட்டுமே. மரநிழலின் விடியல் மங்கலில் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்செனத் தெரியும். இலைக்குரங்கின் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் எட்டில் துலங்கும். பத்தில் சாம்பல் முகத்தோடு கலங்கிப்போகும். உருப்பெருக்கம் கூடும் அளவுக்குக் கை நடுக்கமும் பெருகும், பார்வைப்பரப்போ சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் உயிரைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

தூரத்துப் பறவைக்கு எட்டு போதுமா என்று கேட்பது நியாயமே. செபராங் பிறை பக்கம், தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரையில் அலைநீர் வற்றியதும் உள்ளான்கள் வெகுதொலைவில் இரை தேடும். அங்கே முக்காலியில் நிறுத்திய இருபது, முப்பது மடங்குத் தொலைநோக்கிதான் சரி. ஆனால் அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, பறவையும் திறந்தவெளியில் நிற்கிறது, நடுக்கத்தை முக்காலி தாங்கிக்கொள்கிறது. இந்த மூன்றும் இல்லாத மலைக்காட்டுக்கு, கழுத்தில் தொங்கும் எட்டு மடங்கைத்தான் நான் தயங்காமல் சொல்வேன்.