கொன்ற மரமும் மேய்ந்த மானும்: சங்கப் பாடல்களில் புனம்

வட அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் காட்டின் ஒரு பகுதியை வெட்டித் திருத்திக் குளோவர் முதலிய தீவனப் பயிர்களை விதைப்பர். மேய வரும் மானை அருகிலுள்ள பரண்மீது ஓசையின்றிக் காத்திருந்து சுடுவர். அறுவடையை நோக்காது விலங்கை வரவழைப்பதற்கென்றே விதைக்கப்படும் இந்நிலத்தைத் 'தீனிப்புனம்' என இங்குச் சுட்டலாம். இதற்கு இடந்தரும் சிந்தனை ஆல்டோ லியோபோல்டு 1933இல் வெளியிட்ட 'கேம் மேனேஜ்மென்ட்' என்னும் நூலில் உண்டு. வேட்டை விலங்குகளை அழித்த கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி ஆகியவற்றையே அவற்றை மீட்கும் கருவிகளாகவும் கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

இத்தகைய வழக்கத்திற்கு நேர்மாறாகச் சங்கத் திணைவாழ்வைக் காட்டுதல் தமிழில் சூழலியல் நோக்கிலான கட்டுரைகள் பலவற்றின் இயல்பாகிவிட்டது. குறிஞ்சி மக்கள் காட்டுக்கு ஊறு செய்யாது வாழ்ந்தனர் என்பது அவற்றின் முடிபு. பாடல்கள் இம்முடிபுக்கு இடந்தருமாறு இல்லை. கபிலர் பாடலில் யா மரங்களைக் கொன்று சுட்ட இடத்தில் செந்தினை விளைகிறது (குறுந்.198). கூடலூர்கிழார் தினை விதைத்தவனை மரங்கொல்லும் கானவன் என்றே குறிக்கிறார் (குறுந்.214). கரிகாலன் காட்டை நாடாக்கிய செயலுக்கும் பட்டினப்பாலை இவ்வினையையே ஆள்கிறது. வெட்டுதல், திருத்துதல் என்னும் சொற்கள் இருக்கவும் 'கொல்' என்பதைப் புலவர் தேர்ந்தமை நோக்கத்தக்கது. முளவுமானை எய்பவனும் கானவனே (நற்.85). மரத்தைக் கொல்பவனுக்கும் விலங்கைக் கொல்பவனுக்கும் பெயர் ஒன்றாக இருக்க, வேட்டுவன் வேறு, உழவன் வேறு எனப் பிரிப்பது பாடல்களை அட்டவணையாக்குவதாகும்.

எனினும் சங்கப் புனம் தீனிப்புனம் அன்று. இதனை இதணம் தெளிவுபடுத்துகிறது. தீனிப்புனத்துப் பரண் மௌனத்தால் விலங்கை வரவிடுகிறது. குறிஞ்சி மகளிரோ இதணத்திலிருந்து தழல், தட்டை, குளிர் ஆகியவற்றை ஒலித்துக் கிளியை ஓட்டுவதைக் குறிஞ்சிப்பாட்டு விரித்துரைக்கும். அமைப்பு ஒன்றே, நோக்கம் எதிரானது. ஆயின் பகற்காவலுக்குப் பொருந்தும் இவ்வேறுபாடு இரவில் மங்குகிறது. புனத்தை மேய விரும்பிய பன்றி பொறி வைத்த வழியில் நுழையும்போது பல்லி ஒலிகேட்டுத் திரும்பிவிடுகிறது (நற்.98). புனவன் வைத்த கல்லடாரிலோ புலி அகப்படுகிறது (நற்.119). பொறி பயிரைக் காக்கிறதா, இரையைத் தருகிறதா? இரண்டும் என்பதே பொருந்தும். தினை விளையும் வரையில் அப்புனம் விலங்குக்கு அழைப்பாகவே நிற்கிறது. அவ்வழைப்பு விதைத்தவன் விரும்பியது அன்று என்பதே தீனிப்புனத்தோடு அதற்குள்ள வேறுபாடு.

புறநானூற்றின் 168ஆம் பாடல் இவ்வுறவைத் தலைகீழாக்குகிறது. அங்குக் காந்தட் கிழங்குக்காகப் பன்றிகள் கிண்டிய புழுதியில் குறவர் உழாமலே தினை விதைக்கின்றனர். விலங்கே மனிதனுக்கு நிலம் பண்படுத்தித் தருகிறது. அத்தினை உணவாகும் பானையிலோ முன்பு வெந்த மானிறைச்சியின் நாற்றம்.

முல்லைக்கு வந்தால் காவலே இல்லை. புதுப்புனத்து வரகை இரலை மேய்ந்து கதிர்த்தலை குறைகிறது (குறுந்.220), வரகின் இலையை நவ்வியின் மறி கவ்வுகிறது (குறுந்.282). புதிதாகத் திருத்திய நிலத்திற்கு மான் வரும் என்பதை ஒக்கூர் மாசாத்தியார் அறிந்திருக்கிறார். ஆயினும் அங்கே வில்லும் இல்லை, பொறியும் இல்லை. மேய்ச்சல் அங்கே இழப்பாகாமல் தலைவன் வாராத கார்காலத்தின் அளவாகிறது.

விலங்கை வலிந்து வரவழைக்கும் வேட்டையையும் சங்கப் புலவர் அறிவர். பெரும்பாணாற்றுப்படை எயினர் நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கிக் குழியில் ஒளிந்திருப்பர். அவர்தம் முன்றில் விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கும். பழக்கிய மானைக் காட்டிக் காட்டுமானை ஈர்க்கும் இம்முறையே வீரை வெளியனாரின் பாடலுக்கும் (புறம்.320) அடிப்படை. வேட்டுவன் உறங்குகிறான். பார்வைப் பிணையைத் தேடிவந்த கலைமான் அதனோடு கூடி விளையாடுகிறது. கணவன் எழுந்துவிடுவானோ, கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என அஞ்சி மனைவி அசைவற்று நிற்கிறாள். வேட்டுவன் வைத்த பொறி பலித்த கணத்தில் வேட்டை நின்றுபோகிறது. இக்காட்சியை அருளுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் இதனோடு நிறுத்திக்கொள்வர்.

பாட்டு அங்கு நிற்கவில்லை. அவள் அசையாததால், மான்தோலில் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்துண்கின்றன. அருளின் விலை ஒரு வேளைத் தினை. அத்தோலோ முன்னொரு வேட்டையில் வீழ்ந்த மானுடையது. அடுத்து வருவது, சந்தனக்கட்டை நெருப்பில் வாட்டிய இறைச்சியைச் சுற்றத்தோடு உண்டு தங்கிச் செல்லுமாறு பாணனை அழைத்தல். 'உண்டென' என்னும் எச்சத்தை இவ்விறைச்சியோடு இயைத்தால் இரு பொருள் தோன்றும். தினை போய்விட்டதால் வேறு இறைச்சி பாணனுக்கு விருந்தாயிற்று என்பது ஒன்று. தினையுண்ட பறவைகளே விருந்தாயின என்பது மற்றொன்று. பின்னதைக் கொண்டால் முற்றத்தில் உலர்ந்த தினை, எவரும் கருதாமலே தீனிப்புனமாகிவிடுகிறது. மானுக்கு வைத்த பார்வை மானைக் கொல்லவில்லை, தின்பதற்கு வைத்த தினையோ பறவையைக் கொன்றது. இறைச்சி எதனுடையது எனப் புலவர் வெளிப்படக் கூறவில்லை.