திருப்பிய வில்லையும் மருட்கைச் சுவையும்

மருட்கை என்னும் வியப்புத் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. பெரியது கண்டு வியத்தல் எவர்க்கும் இயல்பு. சிறியது கண்டும் வியப்புப் பிறக்கும் என உணர்ந்து, பெருமையின் அருகிலேயே சிறுமையையும் வைத்த நுட்பம் போற்றத்தக்கது. இவ்வளவுகோலை இற்றைக் கலையொன்றிற்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வில்லையை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தி, நுண்பொருள்களைப் பெருக்கிக் காட்டும் ஒளிப்படக்கலையே அது.

இம்முறையின் அடிப்படை எளியது. சேய்மையிலுள்ள பெரிய பொருளை அண்மையில் சிறிய உருவாக வீழ்த்துவதற்கே கேமராவின் வில்லை அமைக்கப்பெறுகிறது. பொருளைவிட உருவம் பெரிதாக வேண்டுமெனில் இவ்வுறவு தலைகீழாகிறது. ஆகவே வில்லையையும் திருப்பிவிட்டால், அது தனக்கு இயல்பான பணியையே எதிர்த்திசையில் செய்கிறது. இதற்கு ஒரு வளையம் போதும். குவியத்தொலைவு குறைந்த வில்லை மிகுதியாகப் பெருக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையினும் 28 மில்லிமீட்டர் வில்லை கூடுதலாகப் பெருக்குவது இதனாலேயே.

ஆயின் பெருக்கத்திற்கு விலையுண்டு. இருமடங்கு பெருக்கிய படத்தில் தெளிவாகத் தோன்றும் பகுதியின் ஆழம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. துளையைச் சுருக்கினால் ஆழம் சிறிது கூடும், ஒளியோ குன்றும். மேலும் சுருக்கின், ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுவதுமே மங்கும். தெளிவு எங்கே விழவேண்டும், எது மங்கலில் கரையவேண்டும் எனத் தெரிந்தெடுப்பதிலேதான் கலைஞனின் தகுதி வெளிப்படுகிறது. ஈயின் கண்ணையோ துணியின் இழையையோ சட்டம் நிறையக் காட்டுவதோடு அமைந்துவிடும் படங்கள் பல. ‘இஃது என்ன?’ என்ற வினாவிற்கு விடை கிடைத்ததும் அவற்றின் சுவை தீர்ந்துவிடுகிறது. அவற்றில் புதுமை மட்டுமே உண்டு.

நுண்பொருளைப் பெருக்கிக் காட்டும் கலையில் முன்னோடியாக விளங்கியவர் செருமானிய ஆசிரியர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். நீண்ட துருத்தி பூண்ட கேமராவால் அவர் எடுத்த செடிப் படங்கள், பெர்லினில் அவரிடம் வடிவக்கலை பயின்ற மாணவர்க்குப் பாடக் கருவிகளாக அமைந்தன. அவை 1928இல் நூலாயின. வெற்றுப் பின்புலத்தில் குதிரைவாலிப் பூண்டின் தண்டு கோபுரமாகவும், பெரணியின் சுருள் செங்கோலின் தலையாகவும் நிமிர்கின்றன. செடி தூணாக மாறும் இவ்விந்தையே ஆக்கம். ஆனால், தூணைக் கண்ட கண் செடியை மறந்துவிடுகிறது. பெருமை நிற்க, சிறுமை மறைகிறது.

அமெரிக்கரான தாமஸ் ஷாகான், வில்லையைத் திருப்பிப் பொருத்தி உயிருள்ள தாவும் சிலந்திகளைப் படமெடுத்தவர். அவருடைய படங்கள் பலவற்றில் சிலந்தியின் முன்னிரு பெருங்கண்கள் மட்டும் கூர்மையாக நம்மை நோக்குகின்றன. கால்களும் உடலும் மெல்ல மங்கலில் கரைகின்றன. அம்மங்கலைக் குறையென்று கொள்வது பிழை. ‘இவ்வுயிர் மிகச் சிறியது’ என நம் கண்ணுக்கு உணர்த்துவது அதுவே. பெருமையும் சிறுமையும் ஒருங்கே நிற்பதால் இங்கே மருட்கை முழுமை பெறுகிறது.

இங்கிலாந்தின் லெவன் பிஸ் வேறு வழி சென்றார். நுண்ணோக்கியின் வில்லையைக் கேமராவோடு இணைத்து, ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ 8,000 படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் ஒன்றாக்கினார். மங்கல் அறவே நீங்கியது. வண்டு, தேர்ந்த கம்மியன் வார்த்த வெண்கலப் பேழை போல் மின்னுகிறது. எந்தக் கண்ணும் ஒரே நோக்கில் கண்டிராத காட்சி அது. அதனாலேயே அளவுணர்ச்சியும் அதில் தொலைகிறது. ஆயினும், ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016இல் நடந்த கண்காட்சியில் அக்குறை நீங்கியது. ஆளுயரத்தினும் பெரிய படங்களோடு, ஊசியில் குத்திய மெய்யான பூச்சிகளும் வைக்கப்பட்டிருந்தன. படம் இழந்த சிறுமையை அப்பூச்சிகள் மீட்டுத் தந்தன.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. பெருக்கிக் காட்டுவது கருவியின் தொழில். பெருக்கிய பின்னும் அதன் சிறுமையை மறவாதிருக்கச் செய்வது கலைஞனின் தொழில். அனைத்தையும் தெளிவாக்க வல்ல கணிப்பொறி வந்துவிட்ட இந்நாளில், எதனைத் தெளிவாக்காமல் விடுவது என்னும் தேர்வே அருமையுடையதாகிறது. செய்யுளில் சொல்லாது விட்ட சொல்லும் பொருள் பயக்கும் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதே பாடத்தை ஒரு சிலந்தியின் இரு கண்களைக் கொண்டும் கற்பிக்கலாம்.