பக்கத்துத் தோல்

தீக்காயத்தில் தலையின் ஒரு பகுதி வழுக்கையாகிப்போன குழந்தைக்குத் தொடைத்தோலை எடுத்து ஒட்டலாம். புண் மூடும், முடி முளைக்காது. தலைமுடிக்குத் தலைத்தோல்தான் வேண்டும். அதற்கு, மிச்சமிருக்கும் நல்ல தோலையே வளர்த்தெடுக்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இந்த ‘டிஷ்யூ எக்ஸ்பான்ஷன்’தான்.

தழும்பை ஒட்டிய நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆற இரண்டு மூன்று வாரம். அப்புறம் பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஓ.பி.க்குப் போகவேண்டும். பையின் வால்வு தோலுக்கடியில் சிறு மேடாகத் தட்டுப்படும். மருத்துவர் அதை இரண்டு விரலால் அசையாமல் பிடித்து, மெல்லிய ஊசியைச் செருகி, சலைனை மெதுவாக ஏற்றுவார். அவர் கண் சிரிஞ்சில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம் இருக்கும். தோல் வெளிறுகிறதா? பிள்ளை முகம் சுளிக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு உடனே திரும்புகிறதா? திரும்பாவிட்டால் ஏற்றியதில் கொஞ்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார். கைத்தேர்ச்சி என்று நான் சொல்வது இப்படி விட்டுக்கொடுப்பதைத்தான்.

தோல் வெறுமனே இழுபடுவதில்லை. நாள்பட்ட இழுவிசையில் செல்கள் பெருகி, உண்மையாகவே வளர்கிறது. பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் நடக்கும் அதே சங்கதி. மேல்தோல் தடிக்கும், உள்தோல் மெலியும், ரத்த ஓட்டம் கூடும். முடிவேர்களின் எண்ணிக்கை மட்டும் கூடாது. இருக்கிற வேர்களே விலகி நிற்கும். அளவோடு செய்தால் கண்ணுக்குத் தெரியாது.

1957இல் நியூயார்க்கில் சார்லஸ் நியூமன் என்ற மருத்துவர், சிதைந்த காதைச் சீரமைக்கத் தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1976இல் செடோமிர் ராடோவன் சிலிக்கோன் பையைக் கொண்டுவந்தார். புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது.

போதுமான தோல் சேர்ந்ததும் இரண்டாவது அறுவை. பையை எடுத்துவிட்டு, வளர்ந்த தோலைத் தழும்பின் மேல் இழுத்துப் பார்ப்பார்கள். எதுவரை எட்டுகிறதோ அதுவரைக்குமான தழும்பைத்தான் வெட்டுவார்கள். முதலில் தழும்பை வெட்டிவிட்டு அப்புறம் தோலைத் தேடுகிறவர் கெட்டிக்காரரே இல்லை. வந்து சேர்வது பக்கத்துத் தோல் என்பதால் நிறமும் பதமும் பொருந்திவிடும்.

இதில் இடரும் உண்டு. சீழ் பிடிக்கலாம், தோலைக் கிழித்துக்கொண்டு பை வெளியே தெரியலாம். முழங்காலுக்குக் கீழே இந்தத் தொல்லை அதிகம். இன்னொரு கஷ்டத்தை மருத்துவத்தால் தீர்க்க முடியாது. பை நிரம்பும் அந்த இரண்டு மூன்று மாதமும் பிள்ளை மண்டையில் பெரிய வீக்கத்தோடு பள்ளிக்கூடம் போய்வர வேண்டும். அப்படியொரு பிள்ளை பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், தயவுசெய்து உற்றுப் பார்க்காதீர்கள்.